பீரோவில் சாய்த்துக் கற்ற பேஸ் கிட்டார்

பேஸ் கிட்டாருக்குத் தனியாகச் சத்தம் கிடையாது என்பது அதை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஸ்பீக்கர் பெட்டியில் இணைக்காமல் அடித்தால், ஈரக் கயிற்றைச் சுண்டியதுபோல ஒரு முனகல் வரும். அவ்வளவுதான். பெட்டி மச்சினன் வீட்டில் இருந்தது. கேட்டு வாங்கக் கூச்சம். வாங்கி வந்தால் தெரு முழுக்கக் கேட்குமே என்ற பயம் அதைவிடப் பெரியது.

மச்சினன், அதாவது என் மனைவியின் தம்பி, கல்யாண வீடுகளில் பாடுகிறவன். அவன் குழுவில் பேஸ் வாசித்தவர் வேலை கிடைத்து கல்ஃபுக்குப் போய்விட்டார். கிட்டாரை மட்டும் விட்டுப் போனார். மச்சினன் மகளுக்கு நிக்காஹ் முடிவாகியிருந்த நேரம் அது. பெண்ணுக்கு மருதாணி இடும் மைலாஞ்சி அன்று தானே பாட வேண்டும் என்று அவனுக்கு ஆசை. ஒரு நாள் நான் வேலை செய்யும் சுக்கு குடோனுக்கே வந்து நின்றான். நான் சாக்கின் வாயைத் தைத்துக்கொண்டிருந்தேன்.

"மச்சான், நீங்க வாசிங்க. எப்பப் பாத்தாலும் சாக்குமேல தாளம் போட்டுட்டுத்தான இருக்கீங்க."

"ஆளுங்க முன்னாடி நிக்கவே எனக்கு வராதுடா."

"பேஸ்காரன ஆரு நோக்குறா? பின்னாடி நின்னா மதி, அது போதும். சத்தம் வரும், ஆளு தெரியாது."

அந்தக் கடைசிச் சொல்லில்தான் விழுந்தேன். போட்டோ எடுக்கும்போதுகூட யார் தோளுக்காவது பின்னால் போய் நிற்கிறவன் நான்.

நாலாம் வகுப்போடு படிப்பு நின்றவன். செல்போனில் கிட்டார் சொல்லித்தருகிறவர்கள் காட்டும் ஆங்கில எழுத்துகள் எனக்கு வெறும் கோடுகள். விரல் எங்கே போகிறது என்று மட்டும் பார்ப்பேன். கிட்டாரின் வெளிர்நிறக் கழுத்தில் மச்சினன் காட்டிய இடங்களில், சாக்குக்குக் குறி போடும் சிவப்புப் பெயின்டால் புள்ளி வைத்துக்கொண்டேன். ஒரு நாள் கிட்டாரின் தலை இரும்பு பீரோவில் பட்டது. பீரோ முழுக்க உறுமியது. அன்றிலிருந்து பீரோவில் சாய்த்துத்தான் வாசித்தேன்.

எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் ஒரே சுவர். அந்தப் பக்கமிருந்து, நாங்கள் இத்தா என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு அக்காவின் குரல் வரும்.

"ஏய், உங்க மோட்டர் ஓடிட்டே கெடக்கு, கேட்டோ! டேங்கு நெறஞ்சு ஒழுகப் போகுது!"

"இதோ நிறுத்திட்டேன் இத்தா!" என்று கத்திவிட்டு மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். நான் கம்பிகளை உள்ளங்கையால் அமுக்கி, மூச்சையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

நாள் நெருங்கிவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் பாலக்காட்டிலிருந்து வருகிறார்கள். அவர்கள் முன்னால் நான் தப்பாக வாசித்தால் கெடுவது என் மானம் மட்டுமல்ல, மகளுக்காகப் பாடுகிற ஒருவனின் பாட்டு. முடியாது என்று சொல்லிவிடத்தான் மச்சினன் வீட்டுக்குப் போனேன். கல்யாணப் பெண்ணே சாயா கொண்டுவந்தாள்.

"மாமா வாசிக்கிறீங்கன்னு அத்தா எல்லார்ட்டயும் சொல்லிட்டாரு!"

சாயாவைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

மைலாஞ்சி அன்று தெருவை அடைத்துப் பந்தல். கீபோர்டுகாரருக்குப் பின்னால், பந்தலின் இரும்புக் கம்பத்தை ஒட்டி நின்றேன். முதல் பாட்டு எப்படியோ ஓடியது. இரண்டாவது பாட்டின் நடுவில் பெண்ணை அழைத்து வந்தார்கள். அலங்காரக்காரர் எல்லா விளக்கையும் சிவப்பாக்கினார். குனிந்து பார்த்தேன். என் சிவப்புப் புள்ளிகள் ஒன்றையும் காணோம். கை நின்றுவிட்டது.

யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். ஆனால் மருதாணித் தட்டு பிடித்திருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள். பாலக்காட்டுக்காரர்கள் திரும்பினார்கள். என்ன குறைந்தது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்காது, ஆனாலும் மேடையைத் தேடிப் பார்த்தார்கள். மச்சினன் பாடிக்கொண்டே திரும்பினான். இருட்டில் இல்லாத படியில் கால் வைத்தவனின் முகம். வாசிப்பை நிறுத்தினால்தான் நான் தெரிகிறேன் என்பது அப்போது புரிந்தது. ஒளிய வேண்டுமானால் வாசிக்க வேண்டும்.

கண்ணை மூடினேன். கிட்டாரின் தலையைப் பின்னாலிருந்த கம்பத்தில் சாய்த்தேன். முதல் அடி தப்பு. அடுத்தது கம்பத்தில் உறுமி, பீரோ கொடுப்பதுபோலவே என் கைக்கு வந்தது. பிறகு விரல்கள் போன வழியில் நானும் போனேன். கண்ணைத் திறந்தபோது எல்லோரும் பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டு இத்தா மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாப்பிடும்போது மனைவி என் பக்கத்தில் இருந்தாள், இத்தா நேரே எங்களிடம் வந்தார்.

"அப்ப இத்தன நாளும் ஓடுன மோட்டர் இதுதானா?"

மனைவியால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"இடையில ஒருக்கா நின்னுச்சே, அப்பத்தான் நான் பயந்து பேடிச்சுப் போனேன்" என்றார் இத்தா.

மச்சினன் வந்து, என் தட்டில் ஒரு பெரிய கறித்துண்டை வைத்துவிட்டுப் போனான். கம்பியைச் சுண்டிச் சிவந்த விரல் நுனியில் பிரியாணியின் சூடு சுரீரென்றது. ஸ்பூன் கேட்கக் கூச்சமாக இருந்தது. ஆறட்டும் என்று காத்திருந்தேன்.