வழி சொல்லாத நாள்

ராசிபுரத்தில் நானும் என் வீட்டுக்காரரும் இன்டர்நெட் லைன் கொடுக்கிறோம். முன்பு கேபிள் டிவி, இப்போது ஒரு கம்பெனியின் ஃபைபர். மாடி மாடியாக ஒயர் இழுத்ததில் ஊரில் பாதி மொட்டை மாடி எங்களுக்கு மனப்பாடம். எந்த மாடியில் நாய் கட்டியிருக்கும் என்று தூக்கத்தில் கேட்டாலும் அவர் சொல்வார். சொல்லிவிடுவார் என்பதுதான் அவரிடம் தொல்லையே. யாராவது ஒரு வீட்டைக் கேட்டால் கையைக் காட்டி அனுப்புவது எங்கள் பக்கம் மரியாதை இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வாசல் வரைக்கும் கூட்டிப்போய் விடவேண்டும். அதில் என் வீட்டுக்காரரை அடித்துக்கொள்ள ஆளே கிடையாது.

போன வருஷம் ஏரியில் திருட்டு மண் அள்ளும் லாரிகளை யாரோ படம் எடுத்து, பெயர் போடாமல் நெட்டில் ஏற்றியிருந்தார்கள். நானும் பார்த்தேன். படத்தின் ஓரத்தில் எங்கள் ஃபைபர் பெட்டி ஒன்று தொங்கியது. மூடி உடைந்து, சிவப்புக் கயிறு சுற்றிக் கட்டிய பெட்டி. அது ஓர் அங்கன்வாடி டீச்சரின் மாடி. கணவர் இல்லை, அந்தச் சம்பளத்தில்தான் இரண்டு பெண்களைப் படிக்க வைக்கிறார். விஷயம் தெரிந்தால் வேலைக்கு ஆபத்து, லாரிக்காரர்களும் சும்மா விடமாட்டார்கள். நான் என் வீட்டுக்காரரிடம்கூட மூச்சு விடவில்லை. ஏன் என்று மேலேயே சொல்லிவிட்டேன்.

இரண்டொரு நாளில் மஃப்டியில் ஒரு போலீஸ்காரர் எங்கள் கடைக்கு வந்தார். எங்கள் கஸ்டமர்தான். வந்ததும் செல்போனை நீட்டினார்.

"ஏனுங்கண்ணா, இது உங்க பெட்டிதானுங்களே? எந்த ஊட்டு மாடிங்க?"

என் வீட்டுக்காரர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். "அட, ஆமாங்க! நான் கட்டுன கயிறுங்க. பக்கந்தானுங்க, வாங்க, கூட்டிப் போயுடறேன்" என்று செருப்பைத் தேடினார்.

நான் குறுக்கே போய் நின்றேன். "நீங்க உக்காருங்க!" என்றேன். கல்யாணமானதிலிருந்து அவரிடம் அப்படி ஒரு குரலில் நான் பேசியதில்லை. மனுஷன் ஒற்றைச் செருப்போடு உட்கார்ந்துவிட்டார்.

போலீஸ்காரரிடம் திரும்பினேன். "எந்த ஊட்டு லைன்ல என்ன நடக்குதுன்னு வாய்வார்த்தைக்குச் சொல்ல மாட்டோமுங்க. முறைப்படி எழுத்துல கம்பெனியக் கேளுங்க. சட்டப்படி என்னவோ அதச் செய்வாங்க."

"நான் என்ன வெளியாளுங்களாக்கா? உங்க கஸ்டமருங்க."

"அதனாலதானுங்க சொல்றேன். நாளைக்கு உங்க ஊட்டப் பத்தி எவனாச்சும் வந்து கேட்டாலும் இதே பதில்தானுங்க."

அவர் முகம் தொங்கிப்போனது. "எழுத்துலயே வாங்கிட்டு வாரேனுங்க" என்று வண்டியைக் கிளப்பினார்.

பயம் இல்லாமல் இல்லை. லாரிக்காரர்கள் நினைத்தால், கம்பத்தில் ஓடும் எங்கள் ஒயரை அறுக்க ஒரு கத்தரி போதும். ஆனாலும் உள்ளுக்குள் ஒரு திமிர் இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஜனங்கள் எங்களை நம்பி வீட்டுக்குள் ஒயரை விட்டிருக்கிறார்கள். அந்த வீட்டுச் சேதி எங்கள் வாயால் தெருவுக்கு வரவில்லை.

எழுத்து எதுவும் வரவில்லை. டீச்சர் இன்றும் காலையில் எங்கள் கடையைத் தாண்டித்தான் அங்கன்வாடிக்குப் போகிறார். நடந்தது அவருக்குத் தெரியாது.

ஒரு மாதம் கழித்து அந்தப் போலீஸ்காரரே போன் செய்தார். காலேஜ் போகும் மகளுக்கு வீட்டில் படிக்க இன்னொரு லைன் வேண்டுமாம்.

"வேற கம்பெனியில ஸ்பீடு அதிகங்கறாங்கக்கா. இருந்தாலும் பொண்ணு புழங்கற லைனுங்க. நீங்களே போட்டுடுங்க."