கோட்டைப் படியில் கை மாற்றியது

நம்பாதவர்கள் நம்பாமலே போகட்டும், எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை. இது போன வருடம் ஆடி மாதம் எனக்கும் என் மனைவி செவ்வந்திக்கும் நடந்தது.

எங்களுக்கு நைனார்பாளையம். கூலி வேலைக்குப் போன இடம் கடலோரத்தில் ஒரு பழைய கோட்டை. பெயர் வேண்டாம். துறைமுகத்துக்கு வரும் எதிரிக் கப்பல்களைச் சுடுவதற்காகக் கட்டியது. மேலே பீரங்கி மேடை. அடியில் குண்டும் வெடிமருந்தும் வைத்திருந்த இருட்டறை. நடுவே ஒரு ஆள் மட்டுமே போகக்கூடிய படிக்கட்டு. தலையில் சுமையோடு இறங்க முடியாது. அதனால் அறையைப் பழுது பார்க்க வரிசையாக நின்று செங்கல்லைக் கை மாற்றினோம். மேலே நிற்கும் கூட்டாளி தமிழ்வேந்தன் எனக்குக் கொடுப்பான். நான் வாங்கிக் கீழே நீட்டுவேன். அறையில் செவ்வந்தி வாங்கி அடுக்குவாள். அவளுக்குக் கீழே யாரும் கிடையாது.

கை மாற்றும்போது நாங்கள் முகம் பார்ப்பதில்லை. கைக்கு வந்ததை அடுத்த கையில் தள்ளிவிட வேண்டியதுதான்.

சாயங்காலம் ஐந்தே முக்கால் இருக்கும். பல்பு அணைந்தது. மேலிருந்து கல் வருவதும் நின்றது.

தமிழ்வேந்தன் டீ குடிக்கப் போயிருப்பான் என்று நினைத்தேன். அப்போது கீழே இருந்து என் கையில் ஏதோ வந்தது. உருண்டையாக... ஜில்லென்று... துரு நாற்றத்தோடு. இரும்புக் குண்டு.

பழக்கதோஷம். மேலே நீட்டிவிட்டேன். யாரோ வாங்கிக்கொண்டார்கள்.

“செவ்வந்தி, இன்னாத்துக்கு மேல குடுத்துக்கினு இருக்கிற?”

“நான் எங்க குடுக்கறேன்... எனக்கே கீழ இருந்து வருதுங்க.”



“போட்டுட்டு மேல வா.”

“கை நிக்க மாட்டேங்குதுங்க...”

என் கையும் நிற்கவில்லை. இன்னொரு குண்டு. இன்னொன்று. டங்... டங்... மேலே இரும்பின் மேல் இரும்பு விழுந்தது. எங்கோ ஒரு வெடிச் சத்தம். கருமருந்து நெடி.

அவள் அழுதாள். அழுகை ஒவ்வொரு தடவையும் இன்னும் ஆழத்திலிருந்து கேட்டது.

பிறகு வந்தது குண்டு இல்லை.

ஒரு கை. பெண்ணின் கை.

கெட்டியாகப் பிடித்துக்கொள்ளத்தான் நினைத்தேன். முடியவில்லை.

அதையும் மேலே மாற்றிவிட்டேன்...

பல்பு எரிந்தது. மேலே ஓடினேன். ஒரு ஆள் போகும் படியில் என்னை உரசாமல் ஏறிப்போன செவ்வந்தி, பீரங்கி மேடையில் கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

டீ குடித்துவிட்டு வந்த தமிழ்வேந்தன், “அண்ணி எப்பண்ணே மேல வந்தாங்க?” என்றான்.

மறுநாளே ஊருக்குக் கூட்டி வந்துவிட்டேன். கள்ளக்குறிச்சியில் டாக்டர் உடம்புக்கு ஒன்றுமில்லை என்றார். ஆனால் எங்கள் மூன்று வயது மகள் தனுஷா அவளிடம் போக மறுத்தாள். தினமும் பொழுது சாயும்போது செவ்வந்தி என்னிடம் கேட்கிறாள், “கப்பல் போயிடுச்சா?”

போயிடுச்சு என்கிறேன். நான் வேறு என்ன செய்ய?

போன வாரம் கோட்டை வேலையைப் பார்க்கும் இன்ஜினியர் சரத்குமார் போன் செய்தார். அறையின் தரையைத் தோண்டினார்களாம். மண் மூடிக் கிடந்த படிக்கட்டு இன்னும் கீழே போனதாம். படிக்கு ஒரு எலும்புக்கூடு. எல்லாமே இரண்டு கையையும் மேலே நீட்டியபடி.

“ஒரு படி மட்டும் காலியா இருக்குது, அய்யப்பன். அங்க ஒரு ஜோடி மெட்டி கெடந்துது. இந்தக் காலத்து மெட்டி. உங்க வூட்டம்மாவுதான்னு கேக்கத்தான் போன் பண்ணேன்.”

அடுப்படியில் அவள் தனுஷாவை மடியில் இழுத்து வைத்துச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். நான் அவள் கால் விரல்களைப் பார்த்தேன்.

மெட்டி இல்லை. ஏழு வருடம் மெட்டி போட்ட தழும்பும் இல்லை.