மாப்பிள்ளையின் சிவப்புக் கூடு

சாலையில் சிவப்பாக, தாழ்வாக, வழுவழுவென்று ஒரு கார் என்னைத் தாண்டிப் போனால் இன்றும் எனக்குக் குமட்டுகிறது. கார்கள் மேல் எனக்குப் பகை கிடையாது. ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் ஒரு தகரக் கொட்டகைக்குள் என் தங்கை புருஷன் அப்படி ஒரு காரைச் செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். பார்த்ததோடு விட்டார்களா, கையும் கொடுக்க வைத்தார்கள்.

எங்கள் மதுரைப் பக்கத்தில் தங்கை புருஷன் என்றால் மாப்பிள்ளை. அவர் என்னைவிட வயதில் சின்னவர்தான். இருந்தாலும் வாங்க, போங்கதான். அவர் சொல்லும் ஜோக்குக்கு முதலில் நான்தான் சிரிக்க வேண்டும். கல்யாணமாகி, பாப்பா பிறந்து, ஏழெட்டு வருஷம் ஆன பிறகும், கடல் தாண்டி வந்த பிறகும், அந்த மாப்பிள்ளை முறுக்கு மட்டும் குறையவில்லை. துபாயில் ஒரு வங்கியின் கம்ப்யூட்டர் பிரிவில் அவருக்கு வேலை. எனக்கு ஃபைபர் கிளாஸில் தண்ணீர்த் தொட்டி செய்யும் தொழிற்சாலையில் சூப்பர்வைசர் உத்தியோகம். அதனால் கார் ஆசை வந்ததும், “மச்சான், ஃபைபர் வேலைன்னா நீங்கதான்” என்று என்னை இழுத்துக்கொண்டார்.

அது கடையில் முழுசாக வாங்கும் கார் அல்ல. பாகம் பாகமாகப் பெட்டியில் வரும், நாமே பூட்டிக்கொள்ள வேண்டும். இரும்புக் குழாய்களைப் பற்றவைத்த ஒரு சேஸி, அதன் மேல் என்ஜின், சக்கரம், இரண்டு சீட்டு. கடைசியாக எல்லாவற்றையும் மூட ஒரு ஃபைபர் கூடு. கொட்டகைக்காரர் ஒரு பாகிஸ்தானி. எல்லாரும் அவரை உஸ்தாத் என்பார்கள். குளிர்காலத்தில் அவரும் நாங்களுமாகச் சேஸியை முடித்தோம். உண்மையைச் சொல்ல வேண்டும், அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. கூடு போடாமலேயே உஸ்தாத் அதைக் கொட்டகை முன்னால் ஒரு சுற்று ஓட்டினார். எலும்புக்கூடு ஓடுவது போல இருந்தாலும் நேராக ஓடியது.

பெட்டியோடு வந்த கூடு கொஞ்சம் உருண்டையானது. மூக்கு மழுங்கி, முதுகு உயர்ந்து இருக்கும். மாப்பிள்ளை அதை மேலே வைத்துப் படம் பிடித்து இன்டர்நெட்டில் எங்கேயோ போட, எவனோ ஒருவன் கீழே “ஆமை” என்று எழுதிவிட்டான். அவ்வளவுதான். அந்தக் கூடு கொட்டகை மூலைக்குப் போனது. அதன் மேல் உஸ்தாத் டயர்களை அடுக்கினார்.

பத்து நாளில் வேறொரு கூடு வந்தது. ஏதோ இத்தாலிக் காரைப் பார்த்து யாரோ அச்சு எடுத்து வார்த்தது, அதுவும் வேறு வகைச் சேஸிக்காக. தட்டிப் பார்த்தேன். சில இடத்தில் கெட்டி, சில இடத்தில் அப்பளம். விளக்கை உள்ளே வைத்தால் வெளிச்சம் வெளியே தெரிந்தது. எங்கள் தொழிற்சாலையில் இப்படி ஒரு தண்ணீர்த் தொட்டி வந்தால் அன்றைக்கே உடைத்துக் குப்பைக்கு அனுப்புவோம். மாப்பிள்ளை அதைத் தடவிக்கொண்டே, “லைன் பாத்தீங்களா மச்சான், என்னா லைன்!” என்றார்.

நாலு பேர் தூக்கிச் சேஸி மேல் இறக்கினோம். பக்கத்து வீட்டுப் பையனின் சட்டையை இழுத்துப் பூட்டியது போல எங்கேயும் பொருந்தவில்லை. முன்சக்கரம் வளைவுக்கு நடுவில் வராமல் ஓரத்தில் ஒட்டி நின்றது. கதவு கீழே முட்டியது. எல்லாவற்றையும்விட, சீட்டுக்குப் பின்னால் சேஸியில் இருந்த வளைகுழாய் கூட்டின் முதுகில் இடித்துக்கொண்டு கூட்டை உட்காரவே விடவில்லை. வண்டி கவிழ்ந்தால் உள்ளே இருப்பவர் தலையைக் காப்பது அந்தக் குழாய். தோள் பெல்ட்டின் மேல் முனையைப் பிடித்திருப்பதும் அதுதான்.

பிறகு ஆரம்பித்தது அசிங்கம். வெளியே வெயில் ஆளை உரித்தது, உள்ளே ஒரே ஒரு ஃபேன். கூட்டை வெட்ட வெட்ட ஃபைபர் தூள் பறந்து, வியர்த்த கழுத்தில் ஒட்டி, அரிக்க ஆரம்பிக்கும். சொறிந்தால் உள்ளே இறங்கும். குளித்தாலும் போகாது. என் துண்டை எடுத்துத் துடைத்த ரூம்மேட்டும் சொறிந்தான். ரெசின் பசை நாற்றம் டீயில், பரோட்டாவில், என் தலையணையில். வெட்டிய இடத்தை ஒட்டி, ஒட்டிய இடத்தில் பட்டி மாவு அப்பி, தேய்த்து, மறுபடி அப்பி. பூசி மெழுகுவது என்று ஊரில் சொல்வார்களே, அதைக் கண்ணால் பார்த்தேன். கதவோரத்தில் விரல் தடிமனுக்குப் பட்டி. அதன் மேல் சிவப்புப் பெயிண்ட். பெயிண்ட் காய்ந்ததும் வாலில் புகையே வராத நாலு புகைக்குழாய்களை ஒட்டினார்கள். நாலும் பிளாஸ்டிக்.

வளைகுழாய்க்கு வந்தார்கள். உஸ்தாத் அதைத் தட்டி, “பாயி, யே காட்னா படேகா,” என்றார். வெட்டித்தான் ஆக வேண்டுமாம்.

“வெட்டிருங்க,” என்றார் மாப்பிள்ளை.

நான் வாயைத் திறந்தேன். “மாப்பிள்ளை, சொன்னா கோவிச்சுக்காதீங்க. அதை வெட்டுனா பெல்ட்டை எதுல மாட்டுவீங்க?”

“பாடியில மாட்டிக்கலாம் மச்சான். உள்பக்கம் வாஷர் போட்டு டைட் பண்ணா போதும்.”

“பாடி அப்பளம் மாதிரி இருக்கு. உள்ள உக்காரப் போறது தங்கச்சியும் பாப்பாவும்.”

அவர் முகம் சுருங்கியது. “நீங்க தண்ணி டேங்க் பாக்குற ஆளு. இது டிசைன் மேட்டர்,” என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். உஸ்தாத் என்னைப் பார்த்தார். கஸ்டமர் சொன்னால் வெட்டுவேன், சொல்லாவிட்டால் வெட்ட மாட்டேன் என்று கையை விரித்தார். கட்டர் சத்தம் கேட்டது. குழாய் தரையில் விழுந்தது. பெல்ட்டுகளைக் கூட்டின் முதுகில் நாலு போல்ட்டில் மாட்டி, மேலே கறுப்புக் கார்ப்பெட் ஒட்டி மறைத்தார்கள். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அந்த வாரம் மாப்பிள்ளை என்னோடு பேசவில்லை. வெள்ளிக்கிழமை நான் தங்கை வீட்டுக்குச் சாப்பிடப் போனபோது அறைக்கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தார். தங்கை இரண்டு பக்கமும் தட்டு கொண்டுபோய் வைத்தாள். மறுநாள் மதுரையிலிருந்து அம்மா போன்.

“என்னப்பா, மாப்பிள்ளையை ஏதோ சொல்லிட்டியாமே?”

“அம்மா, அந்த வண்டில பெல்ட்டு நிக்காதும்மா.”

“அதெல்லாம் அவருக்குத் தெரியாதா? படிச்சவரு. நீ அனுசரிச்சுப் போ. அவரு முகம் வாடக்கூடாது. அவரு முகம் வாடுனா நம்ம பொண்ணுதான் வாடும்.”

வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு மறுபடி கொட்டகைக்குப் போனேன்.

பூஜை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பூஜை முடிந்ததும் வண்டியை ரெக்கவரி லாரியில் ஏற்றி, கார்ப் பைத்தியங்கள் கூடும் ஒரு பண்ணைக்குக் கொண்டுபோவதாக ஏற்பாடு. அங்கே உள்ளேயே தார்ப்பாதை உண்டு. முதல் சுற்று மனைவியோடும் மகளோடும் என்று மாப்பிள்ளை எல்லாருக்கும் சொல்லியிருந்தார். இரண்டே சீட்டு. பாப்பா அம்மா மடியில், ஒரே பெல்ட்டுக்குள். கேட்கும்போதே எனக்கு எரிந்தது.

நல்ல நேரம் இந்தியக் கணக்கா, இந்த ஊர்க் கணக்கா என்று ஒரு பஞ்சாயத்து நடந்து, கடைசியில் இந்த ஊர்க் கணக்கே ஜெயித்தது. ரெசின் டப்பாக்களுக்கு நடுவில் ஒரு நண்பர் தேங்காய் மேல் கற்பூரம் ஏற்றப் போக, உஸ்தாத் “ஆக் மாஃபி! ஆக் மாஃபி!” என்று கத்திக்கொண்டு ஓடிவந்தார். அங்கே நெருப்பே கூடாதாம். வண்டியை வெளியே தள்ளி வைத்து ஏற்றினோம். சிவப்பு மேல் சந்தனம், குங்குமம், மல்லிகைச்சரம். சக்கரங்களுக்குக் கீழே நாலு எலுமிச்சம்பழம். நாலைந்து குடும்பங்கள் போனைத் தூக்கிப் பிடித்து நின்றன.

தங்கை பட்டுப்புடவையில் வந்தாள். பாப்பா வரவில்லை.

“காய்ச்சல்ணே. பக்கத்து ஃபிளாட் சேச்சிகிட்ட விட்டுட்டு வந்தேன்.”

மாப்பிள்ளைக்கு ஏமாற்றம். “சரி, நீயாவது ஏறு,” என்றார். அவள் புடவையைச் சுருட்டிக்கொண்டு அந்தப் பள்ளமான சீட்டில் இறங்கினாள். கதவைச் சாத்த இரண்டு பேர் தள்ள வேண்டியிருந்தது. அவளே பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டு, சிரித்தபடி போன்களைப் பார்த்தாள். கறுப்புக் கார்ப்பெட், சிவப்புப் பளபளப்பு, கழுத்து நிறைய நகையோடு என் தங்கை. இதற்கு மேல் என்னால் முடியவில்லை.

“ஒரு நிமிஷம் எந்திரிச்சு வாம்மா,” என்றேன்.

“ஏன் மச்சான், நேரம் போகுது,” என்றார் மாப்பிள்ளை.

அவள் இறங்கினாள். நான் குனிந்து அவள் தோள் பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்து, காலைச் சீட்டில் ஊன்றி ஒரு இழு இழுத்தேன். நான் ஒன்றும் பயில்வான் இல்லை. முதல் இழுப்பில் கார்ப்பெட் கிழிந்தது. அடுத்ததில் படக்கென்று ஒரு சத்தம். போல்ட், வாஷர், ஒரு கை அகலத்துக்குச் சிவப்புக் கூடு எல்லாமாக என் கையோடு வந்தன. வண்டியின் முதுகில் ஓட்டை. அது வழியாக உஸ்தாத்தின் முகம் தெரிந்தது. எல்லார் போனும் இன்னும் தூக்கியபடியே இருந்தன.

மாப்பிள்ளை என்னைப் பார்க்காமல், “இழுத்தா எதுவும்தான் பிச்சுக்கும்,” என்றார். அந்தப் பதில் எனக்கு ஃபைபர் தூளைவிட அரித்தது. பெல்ட்டை அவர் காலடியில் போட்டேன். வந்த நண்பர்களை அனுப்பி வைக்கிற சாக்கில் அவர் லாரிக்காரனிடம் போய்விட்டார். எலுமிச்சம்பழங்கள் நசுங்காமல் அப்படியே கிடந்தன.

தங்கையை நான்தான் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். வழியெல்லாம் அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். கோபம் என்று நினைத்தேன். லிஃப்டை விட்டு இறங்கி, பக்கத்து ஃபிளாட் பெல்லை அழுத்தினோம். கதவைத் திறந்ததே பாப்பாதான். வாயெல்லாம் சாக்லேட். “மாமா!” என்று கத்திக்கொண்டு என் மேல் ஏறினாள். தொட்டுப் பார்த்தேன். நெற்றி சில்லென்று இருந்தது.

சேச்சி, “பனியோ? ராவிலே முதல் சாட்டமாணல்லோ,” என்று சிரித்தாள். காய்ச்சலெல்லாம் ஒன்றுமில்லை, காலையிலிருந்து ஒரே குதியாட்டமாம்.

வீட்டுக்குள் வந்து தங்கை அடுப்பில் பால் வைத்தாள். பட்டுப்புடவை மாற்றவில்லை. நான் சமையலறை வாசலில் நின்றேன்.

“பாப்பாவுக்குத்தான் ஒண்ணும் இல்லையே. எதுக்கு அப்படிச் சொன்னே?”

அவள் திரும்பவில்லை. “போன வாரம் கொட்டகைக்குப் போனப்ப அந்தப் பெல்ட்டை நானும் இழுத்துப் பாத்தேண்ணே. ஆடுச்சு.”

அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் பிள்ளையை வீட்டில் விட்டிருக்கிறாள். தெரிந்துதான் நகை போட்டு, பூ வைத்து, சிரித்துக்கொண்டு உள்ளே இறங்கியிருக்கிறாள். அந்த வண்டி மேல் எனக்கு இருந்த அருவருப்பெல்லாம் அந்த நிமிஷம் ஒன்றுமில்லாமல் போனது. அதைவிடப் பெரிதாக வேறொன்றின் மேல் வந்தது. எங்கள் வீட்டில் அவளை வளர்த்த விதத்தின் மேல், அம்மா போனில் பேசிய பேச்சின் மேல்.

“அப்ப நீ மட்டும் ஏன் ஏறினே?” என்றேன்.

பால் பொங்கி வந்தது. அவள் அடுப்பைத் தணித்தாள்.

“இத்தனை பேரு முன்னாடி அவரு முகம் வாடிரும்லண்ணே,” என்றாள்.