துப்பாக்கி வாயில் வைத்த சந்தனம்

அந்த ஆயுத பூஜையன்று துப்பாக்கியின் வாயில் சந்தனத்தை அப்பியபோது, அது உள்ளே போய் அடைத்துக்கொள்ளும் என்று எனக்குத் தெரியுமா, தெரியாதா? ஐந்து வருடமாக என்னை நானே கேட்டுப் பார்க்கிறேன். பதில் வரவில்லை. என் கணவர் ஒருமுறைகூட என்னைக் கேட்டதில்லை. தன் கையால்தான் கெட்டது என்று அவரே சொல்லிவிட்டார். வீட்டில் எல்லோரும் அதை நம்பிவிட்டார்கள். இப்போது அவரும் நம்ப ஆரம்பித்துவிட்டார். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

துப்பாக்கி என்றதும் பயப்பட வேண்டாம். அது பேட்டரியில் ஓடும் விளையாட்டுத் துப்பாக்கி. ஆனால் பார்ப்பதற்கு ராணுவத் துப்பாக்கிபோலவே நீளமாக, கறுப்பாக இருக்கும். விசையை அழுத்தினால் உள்ளே ஒரு சின்ன மோட்டார் சுற்றி, ஸ்பிரிங்கை இழுத்துவிட்டு, காற்றின் வேகத்தில் மிளகைவிடக் கொஞ்சம் பெரிய வெள்ளை பிளாஸ்டிக் குண்டைத் தள்ளும். ஏர்சாஃப்ட் என்று அதற்குப் பெயர். ஜப்பானில் பெரிய ஆண்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் இதை வைத்து ஒருவரையொருவர் சுட்டு விளையாடுவார்களாம்.

என் கணவருக்கு மறைமலை நகரில் கார் பாகங்கள் செய்யும் ஆலையில் வேலை. எங்களுக்குக் கல்யாணமாகி ஆறு வருடம் ஆகியிருந்தது, மகளுக்கு நான்கு வயது. அப்போது ஆலையிலிருந்து அவரை மூன்று மாதப் பயிற்சிக்கு ஜப்பானுக்கு அனுப்பினார்கள். இரண்டாவது மாதம் அங்கிருந்து ஒரு கடிதம் வந்தது. உள்ளே ஏதோ ஒரு புத்தகத்திலிருந்து கிழித்த வழவழப்பான தாளில் மூன்று துப்பாக்கிகளின் படம். "எனக்கென்று ஒன்று வாங்கிக்கொள்ளலாம் என்று ஆசையாக இருக்கிறது. இதில் எது என்று நீயே சொல்" என்று எழுதியிருந்தார்.

எங்கள் வீட்டில் எதை வாங்கினாலும் நான்தான் தேர்ந்தெடுப்பேன். அவருடைய சட்டைத் துணி உட்பட. ஆறு வருடத்தில் அவர் தனக்கென்று ஒன்று வேண்டும் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. வேண்டாம் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. சரி என்று எழுதவும் கை வரவில்லை. நான் விலங்கியல் படித்தவள். கல்லூரியில் மாட்டுக் கண்ணைத் தட்டில் வைத்து அறுத்துப் பார்த்திருக்கிறேன். கண் என்பது எவ்வளவு மெல்லிய சமாசாரம் என்று எனக்குத் தெரியும். அன்று முதல் மகளின் கண்ணைப் பார்க்கும்போதெல்லாம் அந்தத் தட்டுதான் ஞாபகம் வந்தது.

நாங்கள் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு வீட்டின் கீழ்ப் போர்ஷனில் இருந்தோம், இன்னும் அங்கேதான் இருக்கிறோம். மாடிப் போர்ஷனில் ஒரு டீச்சர் அக்கா. மிஷன் பள்ளியில் கணக்கு எடுப்பவர். படத்தை அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டு மூன்றையும் பார்த்தார்.

"ஏம்மா, குக்கர் வாங்க ஆறு மாசம் யோசிச்சவ நீ. துப்பாக்கிக்கு இன்னிக்கே பதில் எழுதணுமா?"

அவர் திரும்பும் நாள் நெருங்குகிறதே அக்கா என்றேன். அப்படியானால் இருப்பதிலேயே கனமானதைச் சொல், குழந்தையால் தூக்க முடியாது என்றார். நல்ல யோசனையாக இருந்தது. நீளமான, மரக்கட்டை நிறத்தில் பிடி உள்ள இரண்டாவது படத்தைச் சொல்லி எழுதிப் போட்டேன். எங்கள் ஷோகேஸ் நிறத்துக்கும் அது பொருந்தியது. மறுநாள், கனமானது குழந்தையின் காலில் விழுந்தால் என்ன ஆகும் என்று தோன்றியது. மூன்றாவது படம் என்று இன்னொரு கடிதம். அதற்கடுத்த நாள், உங்கள் இஷ்டம் என்று ஒரு கடிதம். மூன்றும் அங்கே தலைகீழ் வரிசையில் போய்ச் சேர்ந்திருக்கின்றன. கடைசியாகக் கையில் கிடைத்ததே என் முடிவான முடிவு என்று நினைத்து அவர் இரண்டாவதையே வாங்கிவிட்டார். ஆகவே அதை நான் தேர்ந்தெடுத்தேனா, தபால்காரர் தேர்ந்தெடுத்தாரா என்பதும் எனக்கு நிச்சயமில்லை.

மீனம்பாக்கத்தில் சுங்க அதிகாரி பெட்டியைத் திறக்கச் சொல்லியிருக்கிறார். விளையாட்டுச் சாமான் சார் என்று இவர் சொன்னார். அதிகாரி துப்பாக்கியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "குழந்தைக்கு என்ன வயசு?" என்று கேட்டாராம். என் கணவருக்குப் பொய் சொல்ல வராது. "முப்பத்தி நாலு சார்" என்றாராம். அதிகாரி இவரையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, விளக்கத் தாளைப் புரட்டி, ஒரு குண்டைச் சுண்டிப் பார்த்து, போகச் சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் முதல் சிக்கல் மின்சாரம். பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் கருவி ஜப்பான் மின்சாரத்துக்கானது. நம் ஊர் மின்சாரத்தில் நேராகச் செருகினால் புகைந்துவிடும். குரோம்பேட்டை ஜி.எஸ்.டி. ரோட்டில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர் மின் அழுத்தத்தைக் குறைக்க ஒரு டிரான்ஸ்ஃபார்மர் பெட்டி செய்து கொடுத்தார். டிபன் கேரியர் அளவு இருந்தது. செருகினால் தேனீக்கூடுபோல ரீங்காரம் இடும். மகளை அன்று முழுவதும் அடுத்த அறையிலேயே வைத்திருந்தேன்.

அதன் பிறகு நான் செய்த மாற்றங்கள் ஆரம்பமாயின. டி.வி.க்கும் மிக்ஸிக்கும் தைத்ததுபோலத் துப்பாக்கிக்கும் ஒரு உறை தைத்தேன். ரவிக்கைத் துணியில் மிச்சமிருந்த ரோஜா நிறம். ஓரத்தில் சுருக்கம் வைத்து. அவர் மொட்டைமாடியில் பிஸ்கட் டின்னைக் குறி பார்க்கும்போது, விமானப்படை நிலையத்தின் பயிற்சி விமானங்கள் தலைக்கு மேல் போகும். மேலேயிருந்து பார்த்தால் துப்பாக்கியோடு ஒரு ஆள் நிற்பது தெரியுமே, குண்டு கிண்டு போட்டுவிட்டால்? விமானச் சத்தம் கேட்டதும் நான் உறையை மாட்டிவிடுவேன். அவர் ரோஜா நிறப் பொதியை மார்போடு அணைத்துக்கொண்டு, பிள்ளைக்குத் தாலாட்டுப் பாடுகிறவரைப்போல, விமானம் போகும் வரை நிற்பார்.

அடுத்தது வேகம். சரசரவென்று தொடர்ந்து சுடும் வசதி ஒன்று அதில் இருந்தது. அதை ஒரு திருகாணி போட்டு அடைத்துவிடச் சொன்னேன். அடைத்தார். ஸ்பிரிங்தான் வேகத்துக்குக் காரணம் என்று அவரே வாய் தவறிச் சொல்லிவிட்டார். அதில் கொஞ்சம் வெட்டினால் என்ன என்று கேட்டேன். அவர் துப்பாக்கியை ஸ்கூட்டரில் வைத்துக் கட்டினார். குரோம்பேட்டைக்கு நானும் போனேன், வெட்டுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று.

"இன்னா சார், அவனவன் ஸ்பீடு ஏத்திக் குடுன்னுதான் வர்றான். நீங்க எறக்கச் சொல்றீங்க" என்றார் கடைக்காரர்.

"வீட்ல சொல்றாங்க."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். "அப்ப சரி சார். எறக்கிடலாம்" என்று கட்டிங் பிளேயரை எடுத்தார்.

வேகம் போதுமான அளவு குறைந்ததா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி வேண்டுமே. துணிக்கொடியில் பொரித்த அப்பளம் ஒன்றைக் கிளிப் போட்டுத் தொங்கவிட்டேன். பத்தடி தள்ளி நின்று சுட வேண்டும். அப்பளம் உடைந்தால் ஸ்பிரிங்கில் இன்னொரு சுற்று வெட்ட வேண்டும். இதுதான் நான் வைத்த விதி. முதல் ஞாயிறு அப்பளம் தூள். இரண்டாவது ஞாயிறு துளை. மூன்றாவது ஞாயிறு ஒரு ஓரம் மட்டும் உடைந்தது. எனக்கு அந்த ஓரம் போதவில்லை. வாரம் ஒரு சுற்றாக ஸ்பிரிங் குறைந்துகொண்டே வந்தது. குண்டுகளைப் பொறுக்கி, சோப்புப் பொடியில் அலசி, சல்லடையில் காயவைத்து எடுத்துவைப்பேன். ஒன்று குறைந்தாலும் மகள் விழுங்கிவிட்டாளோ என்று மாடி முழுவதும் தேடுவேன்.

நான்காவது வாரம் அவர் சொன்னார்: "இதுக்கு மேல வெட்டினா குண்டு வெளிய வராது. நாமதான் உள்ள போய்க் கூட்டிட்டு வரணும்."

இருந்தாலும் வெட்டினார். அந்த ஞாயிறு குண்டு துப்பாக்கியிலிருந்து வந்து, கொஞ்ச தூரம் யோசித்தபடியே போய், கோழி முட்டையிட்டதுபோலத் தரையில் விழுந்தது. அப்பளம் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. மகள் ஓடிப்போய்க் குண்டை எடுத்து அப்பளத்தின் மேல் எறிந்தாள். அப்பளம் உடைந்தது.

"அப்பா, இதவிட நான் நல்லா சுடுவேன்" என்றாள்.

அவர் சிரித்தார். ஆலையில் நானூறு டன் அழுத்த இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் மனிதர். அப்போதும் துப்பாக்கியை மடியில் வைத்து எண்ணெய்த் துணியால் துடைப்பதை அவர் விடவில்லை. என் பயமும் விடவில்லை. ஸ்பிரிங் திரும்ப நீண்டுவிடுமோ என்றுகூட ஒரு நாள் அவரைக் கேட்டேன்.

ஆயுத பூஜை வந்தது. ஹாலில் கோலம் போட்டு, மகளின் சிலேட்டு, என் தையல் மெஷின், கத்தரிக்கோல், அவருடைய ஸ்பானர்கள் எல்லாம் வைத்தோம். ஸ்கூட்டர் வாசலில். "இதையும் வெக்கலாமா?" என்று உறையைக் கழற்றிய துப்பாக்கியோடு வந்து நின்றார். எங்கள் வீட்டில் பூஜைக்கு ஆயுதம் என்று சொல்லும்படி ஒன்று வந்தது அந்த வருடம்தான். வைத்தோம்.

எல்லாவற்றுக்கும் நான்தான் சந்தனமும் குங்குமமும் இட்டேன். துப்பாக்கியின் மரப்பிடியில் மூன்று பொட்டு. குண்டு போடும் பெட்டியில் ஒரு பொட்டு. பிறகு அதன் வாய்க்கு வந்தேன். விரலில் இருந்ததை அங்கே வைத்தேன். அதோடு விட்டிருக்கலாம். திரும்பவும் கிண்ணத்தில் விரலை விட்டு, கெட்டியாக எடுத்து, கட்டைவிரலால் அழுத்தினேன். மேலே குங்குமம் வைத்தேன். பார்க்க அழகாக இருந்தது.

இதில் எனக்கு எதிரான சாட்சி என் தையல் மெஷின். அதற்குப் பொட்டு இடும்போது ஊசி இறங்கும் குழியை ஜாக்கிரதையாக விட்டுவிட்டுத்தான் வைத்தேன். அந்த அளவு புத்தி வேலை செய்திருக்கிறது. எனக்குச் சாதகமான சாட்சி ஸ்கூட்டர். முந்தைய வருடம் அதன் சாவித் துவாரத்தில் சந்தனத்தை அப்பி, அவர் ஒரு நாள் பஸ்ஸில் வேலைக்குப் போக நேர்ந்தது. அதாவது நான் அப்படிச் செய்யக்கூடியவள்தான், எந்த உள்நோக்கமும் இல்லாமல்.

மறுநாள் விஜயதசமி. பூஜையில் வைத்ததை எடுத்து ஒருமுறை பயன்படுத்த வேண்டும். மகள் சிலேட்டில் எழுதினாள். நான் ஒரு வரி தைத்தேன். அவர் ஸ்கூட்டரை உதைத்துவிட்டு, துப்பாக்கியோடு மாடிக்குப் போனார். நாங்களும் போனோம், டீச்சர் அக்கா உட்பட. துப்பாக்கியின் வாயை நேராகப் பார்க்கவே கூடாது என்று என் கணவரிடம் நான் சத்தியம் வாங்கியிருந்தேன். அவர் பார்க்கவில்லை. வெளியே இருந்த காய்ந்த பொட்டை ஈரத்துணியால் ஒரு துடை துடைத்துவிட்டு அழுத்தினார். கர்ர் என்றது. குண்டு வரவில்லை. ஸ்பிரிங் இவ்வளவு வெட்டினால் இப்படித்தான் என்று நினைத்து மறுபடி அழுத்தினார். மறுபடியும். மாடியில் சந்தன வாசனை அடித்தது. ஏழெட்டு முறைக்குப் பிறகு உள்ளே சடக்கென்று ஏதோ உடைந்தது. சந்தன வாசனையோடு கருகல் வாசனையும் சேர்ந்துகொண்டது.

குரோம்பேட்டைக் கடைக்காரர் பிரித்துப் பார்த்துவிட்டு, பல்சக்கரம் போய்விட்டது, இதற்குப் பாகம் ஜப்பானில்தான் கிடைக்கும் என்று கையை விரித்தார். குழாய்க்குள் குண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக, முன்னால் ஒரு சந்தன உருண்டையோடு, ஊர்வலம்போல நின்றிருந்தனவாம். என் கணவர் வந்து அதை என்னிடம் சொன்னபோது அவர் முகத்தில் கோபமே இல்லை.

"நான்தான் பாக்காம அழுத்திட்டேன். முதல் தடவையே நிறுத்தியிருக்கணும்" என்றார்.

நான் அப்போது ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அன்று இரவு வெகுநாளைக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினேன் என்பதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

அப்பா துப்பாக்கியை உடைத்துவிட்டார் என்று மகள் பள்ளியில் சொன்னாள். அது வீட்டுப் பேச்சாக மாறியது. மிக்ஸி நின்றால், "அப்பாகிட்ட குடுக்காதம்மா, துப்பாக்கி மாதிரி ஆயிடும்" என்பாள். டீச்சர் அக்காகூட இஸ்திரிப் பெட்டியை இவரிடம் தராமல் கடைக்குக் கொண்டுபோனார். "தப்பா நினைக்காதீங்க, சார் நல்லவர்தான், கைராசிதான் கொஞ்சம்" என்று இழுத்தார். என் கணவர் எல்லாவற்றுக்கும் சிரித்துக்கொண்டே இருந்தார். நானும் வேடிக்கை என்றுதான் நினைத்தேன்.

போன வாரம் வாஷிங் மெஷின் வாங்கினோம். எங்கள் வீட்டில் எந்தப் புதுப் பொருளுக்கும் முதலில் சுவிட்ச் போடுவது அவர்தான். பொட்டு வைத்துவிட்டு அவரைக் கூப்பிட்டேன். (மோட்டார் பக்கம் விரலையே கொண்டுபோகவில்லை.) அவர் கிட்டே வந்து, சுவிட்சைப் பார்த்துவிட்டு, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"நீயே போடும்மா. என் கை வேணாம்" என்றார்.

சிரிக்கவில்லை.

அவரிடம் சொல்லிவிடலாம் என்றுதான் இருக்கிறேன். ஆனால் எதைச் சொல்வது? தெரியாமல் அப்பிவிட்டேன் என்றால், "அதனாலென்ன, பார்க்காமல் அழுத்தியது நான்தானே" என்பார். குற்றம் அவர் கையிலேயே இருக்கும். வேண்டுமென்றே செய்தேன் என்றால்தான் அவர் கைராசி அவருக்குத் திரும்பக் கிடைக்கும். ஆனால் அது உண்மையா என்று எனக்கே தெரியாது. பொய்யாக இருந்தால், செய்யாத துரோகத்தைச் செய்தேன் என்று கணவரிடமே ஒப்புக்கொண்டவளாவேன். உண்மையாக இருந்தால் அதைவிட மோசம்.

இதைப் படிக்கிற உங்களில் யாருக்காவது இப்படி நேர்ந்திருக்கிறதா? நீங்களாக இருந்தால் என்ன சொல்வீர்கள்? தயவுசெய்து எழுதுங்கள், கொஞ்சம் சீக்கிரமாக. மெஷினுக்கு இன்னும் யாரும் சுவிட்ச் போடவில்லை. துணி சேர்ந்துகொண்டே போகிறது.