கப்பலேறும் கால்களுக்கு எந்தச் செருப்பு?

பயண முகவர் என்பவர், தாம் ஏறியிராத கப்பலில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று, ஏறப் போகிறவருக்கு முழு நம்பிக்கையோடு பாடம் நடத்துகிறவர். 1993-இல் விழுப்புரம் ரயில் நிலையத்துக்கு அருகே என் சிறிய அலுவலகத்தைத் திறந்தபோது, திருப்பதிப் பேருந்தில் சன்னலோர இருக்கைக்குச் சண்டையிட்டவர்களுக்குப் பஞ்சாயத்து செய்வதே என் தொழிலாக இருந்தது. பின்னர் வளைகுடாவுக்கு விமானச் சீட்டு வந்தது. இரண்டாயிரத்துப் பத்துகளில் சொகுசுக் கப்பலும் வந்து சேர்ந்தது. பெட்டி கட்டத் தெரியாமல் துன்புற்ற என் தோழர்களே! நீங்கள் முதன்முறையாகச் சிறு கப்பல் ஒன்றில் ஏறப் போகிறீர்கள் என்றால், உங்களுக்கு முன்பே அந்தத் துன்பத்தைப் பட்டுத் திரும்பியவர்களின் அனுபவம் உங்களுக்குப் பயன்பட வேண்டும் என்ற நல்லெண்ணத்தால் இதை எழுதுகிறேன்.

கரையைப் பார்க்க ஒரு கப்பல்

திண்டிவனத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, மண்டி நடத்துபவர் ஏகாம்பரம். அவருடைய மனைவி கல்யாணி அம்மாள் பெரிய அறுவைச் சிகிச்சை ஒன்றிலிருந்து மீண்டு எழுந்திருந்தார். அந்த மகிழ்ச்சியில், துபாயில் வேலை பார்க்கும் மகள், மாலத்தீவுக் கடலில் சுற்றிவரும் சொகுசுக் கப்பலில் பெற்றோர் இருவருக்கும் இடம் பதிவு செய்துவிட்டாள். நம் ஊர்த் தெரு ஒன்றில் இருக்கும் வீடுகளைவிட அந்தக் கப்பலில் அறைகள் குறைவு. ஆங்கிலம் பேச ஆள் வேண்டும் என்று என்னையும் உடன் போகச் சொன்னாள்.

ஆசை யாருடையது என்று அறிந்துகொள்ளாமல் பயணம் ஏற்பாடு செய்யக் கூடாது என்பது என் கொள்கை. ஆகவே, மரக்காணம் பக்கத்திலேயே இருக்கும்போது கடல் பார்க்க இவ்வளவு தொலைவு போக வேண்டுமா என்று கல்யாணி அம்மாளிடம் கேட்டேன். அவர் சொன்னார்: “கரையில நின்னுக்கினு கடலைப் பாத்தாச்சு சார். ஆஸ்பத்திரியில படுத்துக்கினு இருந்தப்போ ஒண்ணுதான் தோணுச்சு, கடலுக்குள்ள நின்னு ஒருவாட்டி கரையைப் பாக்கணும்னு.”

முருகனுக்குச் சொன்ன சொல்

பயணிகளுக்கான அறிவுரைகளை நான் வகுப்பெடுப்பதுபோல் சொல்வது வழக்கம். அன்றும் தொடங்கினேன். “கப்பல் தளம் வழுக்கும். ரப்பர் அடி வைத்த வெள்ளைக் காலணி அவசியம். இரவு உணவுக்கு மூடிய காலணி வேண்டும். அது இல்லாமல் சாப்பாட்டுக் கூடத்துக்குள் விடமாட்டார்கள்.” நான் முன்பு ஒருமுறை பெரிய கப்பலில் போனபோது, சாதாரணச் செருப்போடு வந்த ஒருவரை வாசலிலேயே திருப்பி அனுப்பியதைக் கண்ணாரக் கண்டிருக்கிறேன்.

ஏகாம்பரம் தம் கால்களை நாற்காலிக்கு அடியில் மெதுவாக இழுத்துக்கொண்டார். அப்போதுதான் கவனித்தேன். வெறுங்கால்கள். மனைவி அறுவைச் சிகிச்சைக் கூடத்துக்குள் இருந்த வேளையில், அவள் பிழைத்தால் பங்குனி உத்திரத்துக்கு மயிலம் மலைக்குக் காவடி எடுக்கும்வரை காலில் எதுவும் அணிவதில்லை என்று வேண்டிக்கொண்டிருக்கிறார். கப்பலோ தை மாதத்தில் புறப்படுகிறது. துபாயிலிருந்து மகள் தொலைபேசியில் கெஞ்சினாள்: வெறும் சாக்ஸ் மட்டுமாவது போட்டுக்கொள்ளலாமே! ஏகாம்பரம் குரலை உயர்த்தாமல் பதில் சொன்னார்: “சாக்ஸ் இன்னா, தலையிலயாம்மா போட்டுக்குவாங்க?”

வக்கீலின் வாதம்

எங்களோடு சேர்ந்துகொண்ட நான்காமவர், விழுப்புரத்து வக்கீல் தணிகாசலம். தனிக்கட்டை. எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊருக்கு முன்பாகத் தம் பெட்டி போய்ச் சேர வேண்டும் என்று எண்ணுபவர். “சிறு கப்பலில் அறையும் சிறியது. கட்டிலுக்கு அடியில் மடித்துச் செருகக் கூடிய துணிப்பை கொண்டுவாருங்கள்” என்று படித்துப் படித்துச் சொன்னேன். பீரோவைப் படுக்க வைத்ததுபோன்ற பெட்டி ஒன்றை வாங்கினார்.

ஏகாம்பரத்தின் சிக்கலைக் கேட்டதும், கட்டணமின்றியே வழக்கை எடுத்துக்கொண்டார். “வேண்டிக்கொண்டது எங்கே? நிலத்தின்மேல். ஆகையால் அது நிலத்துக்குத்தான் பொருந்தும். கப்பல் மிதப்பது நீரில். கரையிறங்கியதும் செருப்பைக் கழற்றிவிடுங்கள். வேண்டுதலுக்கு எந்தப் பங்கமும் இல்லை” என்றார். வாதத்தின் அழகில் நானே மயங்கிவிட்டேன். ஆனால் ஏகாம்பரம் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு இப்படிச் சொன்னார்: “வக்கீலய்யா, சூரன் கடலுக்குள்ள போய் மரமா நின்னுக்கினு இருந்தான். அப்பவே முருகன் விடலியே, என்னை விட்டுடுவாரா?”

ஒரு கட்டு எலுமிச்சைச் சோறு

சொன்ன சொல்லைக் காப்பது எளிதன்று, நண்பர்களே. மற்றவரை நோகடிக்காமல் காப்பது அதனினும் கடினம். ஏகாம்பரம் சத்தம் போடவில்லை. “நீ போய் வா கல்யாணி. சார் இருக்காரு, வக்கீலய்யா இருக்காரு. நான் மண்டியைப் பாத்துக்கினு இருக்கேன்” என்றார். அந்த அம்மாள் பிழைக்க வேண்டும் என்று செய்த வேண்டுதலே, பிழைத்தவுடன் அவர் கேட்ட ஒரே ஆசைக்குக் குறுக்கே வந்து நின்றது.

சென்னையில் இருந்த பெரிய முகவரைத் தொலைபேசியில் கேட்டேன். “ஷூ இல்லாமல் ரொம்பக் கஷ்டம் சார்” என்று அவரும் பெரிய கப்பலை மனத்தில் வைத்தே சொன்னார். அந்தச் செய்தியை நான் தலைகுனிந்து தெரிவித்தபோது, கல்யாணி அம்மாள் முடிவை அறிவித்துவிட்டார்: “ரெண்டு பேரும் போறோம். சாப்புடற எடத்துல அவரை உள்ள வுடலைன்னா, எலுமிச்சஞ்சோறு கட்டியாறேன், ரூமுலயே குந்தி சாப்ட்டுக்கறோம். சோத்துக்கோசரம் அம்மாந்தூரம் போய் பேஜாரு பண்ண வாணாம்.”

கோட்டுக்கு அளவு

உடையைப் பற்றி என் அறிவுரை இது: பகலில் பருத்தி, படகில் ஏறி இறங்கும்போது நனையக் கூடியது, நனைந்தால் விரைவில் காயக் கூடியது, குளிரூட்டிய கூடத்துக்கு ஒரு சால்வை, மாலைக்குச் சலவை செய்த ஒரு நல்ல சட்டை. சிறு கப்பலில் இருப்பவர்கள் சிலரே. முதல் நாளே எல்லோரும் எல்லோரையும் பார்த்துவிடுகிறார்கள். அதன்பின் யாருக்காக உடை மாற்றுவது?

வக்கீல் இதை ஏற்கவில்லை. கப்பல் தலைவர் எதிரே அமர்ந்து உண்ணும்போது கோட்டு வேண்டும் என்று, விழுப்புரம் கடைத்தெருத் தையற்காரரிடம் என்னையும் அழைத்துப் போனார். தையற்காரர் அளவெடுத்துக்கொண்டே பயண விவரம் எல்லாம் கேட்டார். மாலத்தீவில் எப்போதும் புழுக்கம் என்று அறிந்ததும், நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு சொன்னார்: “தச்சுத் தர்றேன் சார். ஆனா அங்க போய் கையில தொங்கப் போட்டுக்கினுதான் நிக்கப் போறீங்க, அதனால கையளவும் சேத்து எடுத்துக்கறேன்.”

விமான நிலையத்தில் ஒரு கேள்வி

சென்னை விமான நிலையத்தின் பளபளப்பான தரையில், வெள்ளை வேட்டியும் வெறுங்காலுமாக ஏகாம்பரம் நடந்து வந்தார். என் காலிலோ புத்தம் புதிய வெள்ளைக் காலணி. அறிவுரை சொல்பவன் முதலில் தான் கடைப்பிடிக்க வேண்டும் அல்லவா? அது குதிகாலைக் கடித்துக்கொண்டிருந்தது. நான் புன்னகைத்துக்கொண்டிருந்தேன்.

சீட்டு பரிசோதிக்கும் இளம்பெண் ஏகாம்பரத்தின் கால்களைப் பார்த்துப் பதறி, “ஐயா, செருப்பு தொலைஞ்சு போச்சா?” என்று பரிவோடு கேட்டாள். இங்கேயே தடுத்துவிடுவார்களோ என்று நான் அவசரமாகச் சீட்டுகளை நீட்டினேன். கல்யாணி அம்மாள் சிரித்தபடி முன்னே வந்தார்: “தொலையல கண்ணு. என்னை மீட்டுக்கினு வர்றதுக்கு மயிலத்து முருகன்கிட்ட அடகு வெச்சிருக்காரு.”

நனைந்து காயும் நூல்

மாலத்தீவு விமான நிலையத்தின் வாசலே கடல்தான். அங்கிருந்து கப்பலுக்குச் சிறு விசைப்படகில் போக வேண்டும். கப்பல் என்றதும் படிக்கட்டு வைத்த மாளிகையை எண்ணிக்கொள்ளாதீர்கள். படகும் ஆடும், கப்பலும் ஆடும், இரண்டுக்கும் நடுவே உங்கள் கால் ஆடும். கல்யாணி அம்மாள் என் சொற்படி நூல் புடவையில் வந்திருந்தார். தெறித்த நீர் தெறித்த வேகத்தில் காய்ந்தது.

வக்கீலின் பெட்டியைப் படகில் ஏற்றியதும் படகு ஒருபுறம் சாய்ந்தது. படகோட்டி தூத்துக்குடிக்காரர், நடுவயதுக்காரர். நம் பேச்சைக் கேட்டதும் முகம் மலர்ந்து தமிழிலேயே பேசத் தொடங்கிவிட்டார். பெட்டியை நடுவில் நகர்த்திவிட்டு வக்கீலைப் பார்த்துச் சொன்னார்: “அண்ணாச்சி, பெட்டி அந்தப் பக்கம் இருக்கு, நீங்க இந்தப் பக்கம் இருங்க. ரெண்டு பேரும் ஒரே பக்கம் இருந்தா நாம எல்லாரும் நீந்தித்தான் போவணும்.”

கூடை

கப்பல் நெருங்கியது. ஏகாம்பரம் மனைவியின் கையில் இருந்த எலுமிச்சைச் சோற்றுப் பையை வாங்கித் தம் மடியில் வைத்துக்கொண்டார். மேல்தளத்தில் வெள்ளுடை அணிந்த பெண்மணி ஒருவர் வரவேற்க நின்றார். அவருடைய பார்வை நேரே எங்கள் கால்களுக்கு இறங்கியது. நான் ஆங்கிலத்தில் மன்றாடுவதற்குச் சொற்களை அடுக்கிக்கொண்டேன்.

இந்த இடத்தில் ஒரு சிறு கதை. ஒருவன் விருந்துக்குப் போனான். குடை இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, வழியெல்லாம் குடை தேடி அலைந்தான். போய்ப் பார்த்தால், குடையை வெளியே வைக்கத்தான் அங்கே ஆள் நிறுத்தியிருந்தார்கள். அந்தக் கதை எங்கள் கண்முன் நடந்தது. அப்பெண்மணியின் காலடியில் பெரிய பிரம்புக் கூடை ஒன்று இருந்தது. அவர் அதைச் சுட்டிக்காட்டிப் புன்னகை செய்தார். வேலைப்பாடு மிகுந்த தேக்குத் தளத்தில் கீறல் விழக் கூடாதாம். கப்பல் முழுவதும், சாப்பாட்டுக் கூடம் உட்பட, எல்லோரும் வெறுங்காலோடுதான் நடக்க வேண்டுமாம். அவரும் வெறுங்காலோடுதான் நின்றிருந்தார்! தூத்துக்குடிக்காரர் கீழிருந்து தமிழில் குரல் கொடுத்தார்: “செருப்பு, சூ எல்லாத்தையும் கூடையில போட்டுட்டு ஏறுங்க, கரைக்குப் போம்போதுதான் திருப்பித் தருவாவ. வேட்டி கட்டுன அண்ணாச்சி மட்டும் நேரா போவலாம்!”

கட்டைவிரல்

அன்று மாலை விருந்தில் ஏகாம்பரம் சலவை வேட்டியில் மிடுக்காக முதல் ஆளாக உள்ளே போனார். கப்பல் தலைவர் அரைக்கைச் சட்டையில் வந்து கைகுலுக்கினார். அவருக்கும் வெறுங்கால்தான். ஆடலும் பாடலும் கிடையாது. நாலைந்து மேசை, நல்ல உணவு, சன்னலுக்கு வெளியே கடல். சிறு கப்பலில் எதிர்பார்க்க வேண்டியது அவ்வளவே, அதுவே மிகுதி. வக்கீல் மட்டும் கோட்டோடு வந்தார். வெறுங்காலுக்குக் கூச்சப்பட்டுக் காலுறை அணிந்திருந்தார். அதன் நுனியில் இருந்த ஓட்டை வழியே கட்டைவிரல் சபையை எட்டிப் பார்த்தது.

அன்பர்களே, வெளியே தெரியும் கோட்டுக்குக் காட்டும் அக்கறையை உள்ளே மறைந்திருக்கும் காலுறைக்கும் காட்டுங்கள். மறைவிடம் எப்போது வெளிச்சத்துக்கு வரும் என்று யாருக்குத் தெரியும்? மறுநாள் நண்பகலில் இன்னொரு பாடம். வெயிலில் காய்ந்த தளத்தில் நானும் வக்கீலும் தத்தித் தத்தி நிழல் தேடினோம். ஆறு மாதம் திண்டிவனத்து வெயிலில் பழகிய ஏகாம்பரமோ, கோயில் பிராகாரம் சுற்றுவதுபோல் நிதானமாக நடந்தார். கல்யாணி அம்மாள் கப்பலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தொலைவில் வெள்ளைக் கோடாகத் தெரிந்த தீவின் கரையையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி, கணவரைக் கைநீட்டி அழைத்தார்: “ஜல்தி வாங்க, கரை எம்மாம் சின்னதா கீது பாருங்க! இதை வுட்டுட்டுப் போவணுமேன்னாடி ஆஸ்பத்திரியில அவ்ளோ பயந்துக்கினு இருந்தேன்னு என்னையே கேட்டுக்கறேன்.”

மலையிறங்கிய பின்

பங்குனி உத்திரத்தன்று மயிலம் மலையில் ஏகாம்பரம் காவடி செலுத்தினார். நானும் போயிருந்தேன். இறங்கியதும் மகள் அனுப்பியிருந்த புதிய தோல் செருப்பை எல்லோர் முன்னிலையிலும் அணிந்துகொண்டார். அடுத்த வாரம் திண்டிவனம் பேருந்து நிலையத்தில் தம்பதியரைப் பார்த்தேன். ஏகாம்பரம் விந்தி விந்தி நடந்துவந்தார். என்ன ஆயிற்று என்று பதறினேன். கல்யாணி அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்: “வெறுங்காலோட கடலையே தாண்டினு வந்தாரு சார். செருப்பு போட்டு ஒரு வாரம் ஆவல, அது கடிச்சு நொண்டினு இருக்காரு!”

ஆகவே, முதன்முறை சிறு கப்பலேறப் போகும் தோழர்களே, மடங்கும் பை, காயும் பருத்தி, ஒரு சால்வை, ஓட்டையில்லாத காலுறை ஆகியவற்றுக்கு என்னிடம் வாருங்கள். செருப்பைப் பற்றி மட்டும் மயிலத்து முருகனைக் கேளுங்கள், ஏனெனில் என்னுடைய புத்தம் புதிய வெள்ளைக் காலணி போன வழியெல்லாம் என் காலைக் கடித்துவிட்டு, கப்பலில் இருந்த நாளெல்லாம் கூடைக்குள் சொகுசாகப் படுத்திருந்தது.