இடதுபக்கக் குமிழில் குங்குமம்

என் மகள் பக்கத்து வீட்டு அக்காவைத் ‘தாந்த்’ என்று கூப்பிட ஆரம்பித்தது எப்போது என்று எனக்குத் தெரியாது. அந்த வார்த்தை என் காதில் விழுந்த நாள் மட்டும் நினைவிருக்கிறது. மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். கீழே அவர்கள் வாசலில் நின்று, “தாந்த், அம்மா வந்துட்டாங்க. நாளைக்கு வரேன்” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பிரெஞ்சில் அத்தை, சித்தி, பெரியம்மா எல்லோருக்கும் அந்த ஒரே சொல்தானாம். எனக்குக் கூடப்பிறந்த தங்கைகள் இரண்டு பேர் இருக்கிறார்கள். அவர்கள் இருவரையும் அவள் இவ்வளவு ஆசையாகக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ‘அம்மா வந்துட்டாங்க’ என்பதை, மழை வந்துவிட்டது என்பதுபோலச் சொன்னாள்.

மூலக்குளத்தில் எங்கள் தெருவில் அந்த வீட்டைச் சொல்தா வீடு என்பார்கள். அந்த அக்காவின் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக, அவர்கள் பேச்சில் சொல்தாவாக, இருந்து ஓய்வு பெற்றவர். அக்காவும் பல வருஷம் பிரான்சில் இருந்துவிட்டுத் திரும்பியவர்தான். கணவருக்கு இன்னும் அங்கேதான் வேலை. பிள்ளைகள் இல்லை. என்னைவிட இரண்டு வயது மூத்தவர் என்பதால் நான் அக்கா என்பேன். என் மகளுக்குப் பள்ளி நாலு மணிக்கு விடும். நான் கல்லூரி அலுவலகத்தில் சான்றிதழ் பிரிவில் வேலை பார்க்கிறேன், வீடு திரும்ப ஐந்தரை ஆகிவிடும். அந்த ஒன்றரை மணி நேரம் மட்டும் பார்த்துக்கொள்ள முடியுமா என்று அந்த அக்காவிடம் நான்தான் போய்க் கேட்டேன். யாரும் என்னிடமிருந்து அவளைப் பறித்துக்கொள்ளவில்லை. நானே கொண்டுபோய் விட்டேன்.

அந்த வீட்டில் டிவியோடு இணைத்து விளையாடும் வீடியோ கேம் கன்சோல் இருந்தது. நாற்பத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி, சோபாவில் கால் மடக்கி உட்கார்ந்து, பதிமூன்று வயதுப் பெண்ணோடு போட்டி போட்டுக்கொண்டு விளையாடுவதை நான் அங்குதான் முதலில் பார்த்தேன். தோற்றால் சண்டை போடுவார். என் மகள் அவரைக் கேலி செய்வாள். ஐந்தரைக்கு நான் போய் நின்றால், “இன்னும் ஒரே ஒரு ஆட்டம்மா” என்பாள். அந்த ஒரு ஆட்டம் முடியும்வரை, தண்ணீர் கேன் போட வந்தவனைப் போல நான் வாசலிலேயே நிற்பேன்.

போன வருஷம் ஆயுத பூஜைக்கு முதல் நாள், அதே கம்பெனியின் அதே மாடலை நானும் வாங்கினேன். வேறு மாடல் நல்லது என்று கடைக்காரப் பையன் எவ்வளவோ சொன்னான். நான் கேட்கவில்லை. அந்த வீட்டில் என்ன இருக்கிறதோ அதுவே என் வீட்டிலும் இருக்க வேண்டும், அவ்வளவுதான். பூஜையன்று ஸ்கூட்டி, மிக்சி, தையல் மிஷின் வரிசையில் அதையும் வைத்துச் சந்தனம் குழைத்துப் பொட்டு வைத்தேன். சந்தனத்தின் மேல் குங்குமம். கையில் பிடிக்கும் கன்ட்ரோலருக்கும் வைத்தேன்.

அதற்குப் பிறகு மூன்று வாரம் என் மகள் நாலு மணிக்கு நேராக எங்கள் வீட்டுக்கே வந்தாள். சாவியை அவளிடமே கொடுத்திருந்தேன். நான் வரும்போது கதவுக்கு உள்ளே அவள் செருப்பு கிடக்கும். அதைப் பார்க்கும்போது எனக்கு ஏற்பட்ட திருப்தியை எழுதவே கூச்சமாக இருக்கிறது. அந்த அக்கா ஒருநாள் மதில் ஓரமாக, “பாப்பா இப்பல்லாம் வர்றதே இல்லியே” என்றார். “அவளுக்கு இங்கயே எல்லாம் இருக்குதுக்கா” என்றேன்.

தீபாவளி கழித்து அது கெட்டுப்போனது. கன்ட்ரோலரில் கட்டைவிரலால் தள்ளும் குமிழ்கள் இரண்டு உண்டு. இடதுபக்கக் குமிழை யாரும் தொடாமலேயே திரையில் இருக்கிற பொம்மை தானாக இடதுபக்கம் நடந்துபோய்ச் சுவரில் முட்டிக்கொண்டு நின்றது. எங்கள் டிவிக்கு இடதுபக்கம் சொல்தா வீடு. பொம்மைக்குக்கூட அந்த வீடுதான் பிடிக்கிறது போல என்று நினைத்துக்கொண்டேன். மறுநாளிலிருந்து என் மகளும் பழையபடி அங்கே போனாள்.

அந்த அக்கா கேள்விப்பட்டதும் சிரித்தார். அவருடையதும் வாங்கிய இரண்டாம் வருஷம் அப்படித்தான் ஆனதாம். பிரான்சில் நிறையப் பேர் அந்தக் கோளாறுக்காகக் கம்பெனிமேல் வழக்கே போட்டார்களாம். இவருடையதைக் கணவர் அங்கே கொண்டுபோய்க் கொடுத்ததும் ஒரு கேள்விகூடக் கேட்காமல் சரிசெய்து கொடுத்தார்களாம்.

“இது உங்க தப்பு இல்ல, மெஷின் தப்பு. நீங்களும் கேஸ் போடுங்க. நான் சாட்சிக்கு வரேன்” என்றார்.

“பார்த்துக்கறோம்க்கா” என்று சொல்லிவிட்டு வந்தேன். எனக்கு அவருடைய சாட்சி வேண்டாம். அவருக்குக் கேட்காமலே கிடைத்தது, எனக்கு அவர் தயவில்தான் கிடைக்க வேண்டுமா?

சென்னை சர்வீஸ் சென்டருக்கு அனுப்பினேன். ஒரு சீட்டோடு திரும்பி வந்தது. குமிழின் உள்ளே சிவப்புத் தூள் இருக்கிறது, வெளிப்பொருள் புகுந்ததற்கு வாரன்டி கிடையாது என்று எழுதியிருந்தார்கள். அந்தக் கோபத்தில் வக்கீல் வைக்காமல் நானே நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்தேன். கூடவே ஒரு பிரமாணப் பத்திரமும் தர வேண்டியிருந்தது. அதில், கருவியின் மேல் எங்களால் எந்தப் பொடியும் படவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எழுதும்போது குங்குமம் நினைவுக்கு வரவில்லை என்று சொன்னால் அது பொய். பெட்டியின் மேல் வைத்தது நினைவிருந்தது. குமிழில் வைத்தேனா என்பதை நான் நினைத்துப் பார்க்கவே இல்லை.

என் மகள் படித்துப் பார்த்துவிட்டு, “கன்ட்ரோலர்லயும் வச்சியேம்மா” என்றாள்.

“மேலதான் வச்சேன்.”

“எதுக்கு மேல?”

நான் பத்திரத்தை மடித்து உறைக்குள் போட்டேன்.

விசாரணைக்கு முந்தின சனிக்கிழமை அவளைக் கூப்பிட அந்த வீட்டுக்குப் போனேன். அவள் தெருவில் சைக்கிள் விட்டுக்கொண்டிருக்கிறாள், வந்துவிடுவாள் என்று சொல்லிவிட்டு அந்த அக்கா டீ போட உள்ளே போனார். ஹாலில் இருந்த ஃபிரிட்ஜ் கதவில் காந்தப் பொத்தானால் ஒரு போட்டோ ஒட்டியிருந்தது. என் மகள். பூஜையன்று போட்ட அதே பச்சைப் பாவாடை. புது மெஷினைக் காட்ட அன்றே அங்கே ஓடியிருக்கிறாள், என்னிடம் சொல்லவில்லை. கன்ட்ரோலரைக் கன்னத்தோடு வைத்துக்கொண்டு, கண்கள் இடுங்க வாய்விட்டுச் சிரிக்கிறாள். அப்படி ஒரு சிரிப்பு என் போனில் இருக்கும் நூற்றுக்கணக்கான படங்களில் ஒன்றில்கூட இல்லை.

அதற்கு அப்புறம்தான் குமிழைப் பார்த்தேன். இடதுபக்கக் குமிழ் முழுக்கச் சந்தனம், அதன்மேல் அப்பிய குங்குமம். என் விரல் தடம்கூடத் தெரிந்தது.

டீ வருவதற்குள் போட்டோவை எடுத்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். வழக்குக்காக எடுத்தேனா, அந்தச் சிரிப்பு அங்கே இருக்கக் கூடாது என்று எடுத்தேனா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

விசாரணை நாளில் பள்ளி விடுமுறை. என் மகளும் வருவேன் என்றாள். கிளம்பும்போது, குங்குமம் வைத்தோமா என்று யாராவது கேட்டால் இல்லை என்று சொல் என்றேன். ஒரு தாய் மகளிடம் சொல்லக் கூடாததை, டிபன் டப்பாவை எடுத்துக்கொள் என்பதுபோலச் சாதாரணமாகச் சொன்னேன். அவள் தலையாட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

ஆணையத்தின் தலைவர் அமைதியாகப் பேசுகிற ஒரு அம்மா. சர்வீஸ் சென்டர் சீட்டைக் கம்பெனி வக்கீல் படித்துக் காட்டினார். தலைவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தார்.

“நீதான் இதுல விளையாடறதா? பூஜையில வச்சுக் குங்குமம் வச்சீங்களாம்மா?”

என் மகள் எழுந்தாள். அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

“இல்ல மேடம்” என்றாள்.

அந்த ஒரு நொடி எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவள் என் பக்கம் நிற்கிறாள், அந்த வீட்டின் பக்கம் இல்லை என்ற சந்தோஷம். அடுத்த நொடியே அவள் உதடு நடுங்குவதைப் பார்த்தேன். இதை எழுதும்போதும் அந்த உதடுதான் கண்முன் நிற்கிறது. கைப்பையைத் திறந்து போட்டோவை எடுத்து மேஜைமேல் வைத்தேன். “நான் வச்சேன் மேடம். அவ எனக்காகச் சொல்றா” என்றேன்.

தலைவர் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“பூஜையில பொட்டு வைக்காதவங்க யாரு? ஆனா வைக்கலன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கீங்களே.”

நடந்ததைச் சரியாக எழுதிப் புதிதாகப் பிரமாணப் பத்திரம் தரச் சொன்னார். பழையதைப் பற்றி என்ன செய்வது என்று பிறகு பார்ப்போம் என்றார். குங்குமத்தால் கெட்டதா, மெஷினே அப்படித்தானா என்பதை நான்தான் காட்ட வேண்டுமாம். பொட்டு எதுவும் வைக்காமலே இதேபோல் கெட்டுப்போன மெஷின் யாரிடமாவது இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். போட்டோவை வழக்குக் கட்டில் சேர்த்துக்கொண்டார்கள்.

திரும்பி வரும்போது ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்திருந்தவள் என் இடுப்பைப் பிடிக்கவில்லை. சிக்னலில் நின்றபோது கேட்டாள்.

“அது தாந்த் வீட்டு போட்டோ. உனக்கு எப்படிக் கிடைச்சுது?”

“எடுத்துட்டு வந்துட்டேன்.”

பச்சை விழுந்து, பின்னால் ஹாரன் அடித்தார்கள். வண்டியை ஓரம் கட்டினேன்.

“ஃபிரிட்ஜுக்கு அடியில விழுந்துடுச்சு, எடுக்க முடியலன்னு தாந்த் சொன்னாங்களே” என்றாள்.

அன்று அந்த ஹாலில் இருந்தது நான் ஒருத்திதான். யார் எடுத்தது என்று அவருக்குத் தெரியாமல் இருக்காது. என் மகளிடம் என்னைக் காட்டிக்கொடுக்க எவ்வளவோ சுலபமான வழி இருந்தும், அவர் ஃபிரிட்ஜைச் சொல்லியிருக்கிறார். வெட்கம் வந்தது. வெட்கத்தோடு பொறாமையும் வந்தது. இந்த நல்ல குணமும் அவருக்கே இருக்க வேண்டுமா?

வீட்டுக்குப் போகாமல் நேராக அவர் வாசலுக்குப் போனேன். போட்டோவை எடுத்ததையும், அது இப்போது ஆணையத்தில் இருப்பதையும், அவருடைய சாட்சி இல்லாமல் வழக்கு நிற்காது என்பதையும் நின்றபடியே சொன்னேன். என் மகள் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த அக்கா ஒன்றுதான் கேட்டார்.

“என் மெஷினையும் தூக்கிட்டு வரணுமா?”

அடுத்த வாய்தாவுக்கு அவர் வருகிறார். நான் போய்ச் சொன்ன இரண்டாம் நாளே, தன் போனிலிருந்து அதே படத்தை இரண்டு பிரதி போட்டு, ஒன்றை என் மகளிடம் கொடுத்தனுப்பியிருந்தார். அதை எங்கள் ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறேன். பால் எடுக்கப் போகும்போதெல்லாம் பார்க்கிறேன். அவ்வளவு அழகாகச் சிரித்துக்கொண்டு அவள் பார்ப்பது, படம் எடுத்தவரைத்தான்.