தடுப்பாட்டத்துக்கு ஒரு ஆள்

கல்லூரிக் கால்பந்து அணிக்குத் தடுப்பாட்டம் சொல்லிக்கொடுக்க எப்படிப்பட்ட ஆளை எடுக்க வேண்டும் என்று இப்போதும் யாராவது என்னிடம் கேட்பதுண்டு. துபாயில் ஒரு கல்லூரியின் விளையாட்டுப் பிரிவு என் பொறுப்பு. கேட்கிறவர்கள் சான்றிதழ், அனுபவம், வீடியோ என்று ஏதாவது சொல்வேன் என எதிர்பார்ப்பார்கள். கோல் விழுந்த பிறகு அந்த ஆளைப் பாருங்கள், அதற்கு முந்தி பார்த்துப் பிரயோசனமில்லை என்பேன். இது என் சொந்தச் சரக்கில்லை, என் கூட்டாளி சொன்னது.

அவனும் நானும் குமரிக் கடற்கரையில் ஒரே ஊர். ஊர் அணியில் நான் முன்வரிசை, அவன் பின்வரிசை. நான் பந்தைக் கோட்டைவிட்டுவிட்டு நடுவரோடு மல்லுக்கு நிற்பேன். அவன் வாயைத் திறக்காமல் அந்தப் பந்தைப் பறிக்க ஓடுவான். துபாய்க்கு வந்தும் அதே கதைதான். எங்கள் கல்லூரியில் தடுப்பாட்டப் பயிற்சியாளர் வேலைக்கு அவனைக் கொண்டுவந்தது நான். மனைவி, ஒரே மகள் என்று சத்வாவில் ஒரு சின்ன ஃபிளாட்டில் இருந்தான்.

போன வெயில் காலத்தில் அவனுக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுவிட்டது. டயாலிசிஸ் ஆரம்பித்தார்கள். மைதானத்தில் நிற்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நிர்வாகத்தைக் குறை சொல்ல மாட்டேன். வேறு ஆள் கிடைக்கும்வரை வேலையில் இருங்கள், அந்த ஆளையும் நீங்களே தேர்ந்தெடுத்துக் கொடுங்கள் என்றார்கள். ஆனால் இங்கே வேலை போனால் விசா போகும். அவன் விசா போனால் அதைப் பிடித்துக்கொண்டிருக்கும் மனைவி, மகள் விசாவும் போகும். மகள் பன்னிரண்டாம் வகுப்பு. மார்ச்சில் பொதுப்பரீட்சை, நடுவில் ஊர்ப் பள்ளிக்கு மாற்றவும் முடியாது. தன் இடத்துக்கு அவன் எவ்வளவு சீக்கிரம் ஆள் பிடிக்கிறானோ அவ்வளவு சீக்கிரம் அந்தப் பிள்ளையின் படிப்பு அந்தரத்தில் தொங்கும். இப்படி ஒரு வேலையை எதிரிக்கும் கொடுக்கக்கூடாது.

வருகிற ஆளிடம் எங்கள் பையன்களை விட்டு ஒரு பயிற்சி ஆட்டம் நடத்தச் சொல்வோம். கூட்டாளி தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, பந்தைப் பார்க்காமல் ஆளையே பார்ப்பான். முதலில் வந்தவர் லேப்டாப்பைத் திறந்து கல்யாண மாப்பிள்ளைக்கு ஜாதகம் பார்ப்பதுபோல் அம்புக்குறியும் வட்டமுமாக விளக்கினார். கோல் விழுந்ததும், தான் சொன்னபடி பையன்கள் நிற்கவில்லை என்று எங்கள் பக்கம் திரும்பி நிரூபிக்க ஆரம்பித்துவிட்டார். அடுத்தவர் பெரிய கிளப்பில் ஆடியவர். கோல் விழுந்ததும் தப்புச் செய்த பையனை அத்தனை பேர் முன்னாலும் கிழித்துத் தோரணம் கட்டினார். எனக்கு என்னவோ அவரைப் பிடித்துத்தான் இருந்தது. நானும் அந்த ஜாதிதானே. கூட்டாளி இருவரையும் வேண்டாம் என்றான்.

மூன்றாவதாக ஒரு கோவாக்காரன் வந்தான். சவுதியில் அல் கோபாரில் ஒரு கம்பெனி அணிக்குப் பயிற்சி கொடுத்தவன். அந்தக் கம்பெனி மூடிவிட்டதால் விசிட் விசாவில் துபாய் வந்து வேலை தேடிக்கொண்டிருந்தான். ஆட்டத்தில் எங்கள் இடதுபக்கப் பையன் காலைத் தூக்கினான், பந்து அடியில் நழுவிப்போய் கோலானது. கோவாக்காரன் நிதானமாக நடந்துபோய் வலைக்குள் கிடந்த பந்தைத் தானே எடுத்தான். அந்தப் பையனின் பிடரியில் கைவைத்து, நடுக்கோடு வரைக்கும் என்னவோ பேசிக்கொண்டே கூட்டிவந்தான். பையன் சிரித்துவிட்டான். ஆள் கிடைத்துவிட்டது என்று எனக்கே தெரிந்தது. திரும்பிப் பார்த்தால் கூட்டாளி தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

வேண்டாம் என்றான். ஏன் என்றேன். சத்தம் போதாதாம். எனக்கு வந்ததே ஆத்திரம். காரில் ஏறியதும் பிடித்துக்கொண்டேன்.

"உனக்கு ஆளு வேணுமா, இல்ல நாளு வேணுமா? உள்ளதைச் சொல்லு."

முகத்தைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிக்கொண்டான். பிறகு, "மார்ச் வரைக்கும், மக்கா" என்றான்.

கோவாக்காரன் தேறவில்லை என்று நாளைக்கே எழுதிவிடுகிறேன், ஏப்ரல் வரை ஒருத்தனும் தேறமாட்டான் என்று சொல்லி அவனை வீட்டில் இறக்கிவிட்டேன். அப்படிப் பொய் எழுதுவதில் எனக்கு ஒரு கூச்சமும் இல்லை.

மறுநாள் நான் கல்லூரிக்குப் போய்ச் சேரும் முன்பே அவன் முதல்வர் அறைக்குள் போயிருந்தான். கோவாக்காரனை எடுத்துக்கொள்ளுங்கள், அவனுடைய விசிட் விசா முடியப்போகிறது, தாமதித்தால் நல்ல ஆளை இழந்துவிடுவோம் என்று சொல்லிவிட்டு வந்தான். வராந்தாவிலேயே நான் கத்தினேன். புத்தி கெட்டவனே, உன் பிள்ளையை நினைத்தாயா என்று கேட்டேன். அவன் மூச்சு வாங்கச் சுவரைப் பிடித்துக்கொண்டான்.

"அவன் நல்ல ஆளுடே. நல்லவனை மோசம்னு சொல்லி எம் பிள்ள பரீட்சை எழுதண்டாம்."

நான் வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். அவள் ஒரு நிமிஷமும் யோசிக்கவில்லை. பரீட்சை முடியும்வரை பிள்ளை நம் வீட்டில் இருக்கட்டும் என்றாள். பிள்ளைக்கு விசிட் விசா எடுத்தோம். கிறிஸ்துமஸ் முடிந்து அவனும் அவன் மனைவியும் ஊருக்குப் புறப்பட்டார்கள். விமான நிலையத்தில் மகளைத் தேற்றியது அவன் மனைவிதான். அவன் என்னைத் தனியே கூப்பிட்டான். "நீ எம் பிள்ளைய ஏசாம இருக்கமாட்ட. ஏசு. சோறு தின்ன வச்சிட்டு ஏசு" என்றான்.

சொன்னபடியே செய்தேன். விளக்கை அணைக்காததற்கு ஏசினேன், பால் குடிக்காததற்கு ஏசினேன், போனை நோண்டியதற்கு ஏசினேன். அவள் சிரிப்பாள். இங்கேயே வளர்ந்த பிள்ளை, வாயைத் திறந்தால் இங்கிலீஷ். ஆனால் என் ஏச்சை மட்டும் எங்கள் கடற்கரைத் தமிழிலேயே அப்படியே பேசிக்காட்டி, சாயங்காலம் வீடியோ காலில் அப்பனைச் சிரிக்க வைப்பாள். திரையில் அவன் முகம் வரவர வீங்கிக்கொண்டே போனது.

கடைசிப் பரீட்சை கணக்கு. அன்று காலை பிள்ளை குளித்துக்கொண்டிருந்தபோது ஊரிலிருந்து அவன் மனைவி கூப்பிட்டாள். விடியும்போது போய்விட்டான். அவள் அழுகையை அடக்கிக்கொண்டு, "அவ எழுதிட்டு வரட்டும் அண்ணே, அவ்வோ சொல்லிட்டுத்தான் போனாவ" என்றாள். என் மனைவி சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். நான் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து பிள்ளைக்குப் புட்டு எடுத்து வைத்தேன்.

பாதி வழி போன பிறகு ஹால் டிக்கெட்டை வீட்டில் வைத்துவிட்டேன் என்றாள். பரவாயில்லம்மா, நேரமிருக்கு என்று வண்டியைத் திருப்பினேன். எடுத்துக்கொண்டு போய் விட்டேன். நன்றாக எழுது என்றேன். சரி மாமா என்று போனாள்.

அவள் எழுதி முடிக்கும்வரை வாசலிலேயே நின்றேன். அப்பாவுக்கு சீரியஸ் என்று சொல்லி டிக்கெட் போடுவோம் என்று நினைத்திருந்தேன். வளைகுடாவில் சாவை அப்படித்தான் சொல்லிப் பழக்கம், கேட்கிறவனுக்கும் அர்த்தம் தெரியும். அவள் வந்து வண்டியில் ஏறி, பையை மடியில் வைத்து, பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள். எப்படி எழுதினாய் என்று கேட்டேன்.

"எல்லாம் எழுதிட்டேன். நமக்கு ஃபிளைட் எப்போ மாமா?"

யார் சொன்னது என்று கேட்கத் திரும்பினேன். அவளே சொன்னாள்.

"ஹால் டிக்கெட்டை மறந்ததுக்கு நீங்க என்னை ஏசவே இல்ல."

அதற்கப்புறம்தான் அழுதாள்.